பக்கத்தில் &#39; என்று அப்படியே தெரிகிறதா? எங்கே என்கோட் செய்வது, எங்கே டிகோட் செய்வது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயனர்கள் படிவத்தில் எழுதுவதைப் பக்கத்தில் காட்டும்போது ஒற்றை மேற்கோள் குறி வரவேண்டிய இடத்தில் &#39; என்று தெரிகிறது. திருத்தித் திருத்திச் சேமித்தால் அது இன்னும் நீண்டுகொண்டே போகிறது. பழைய பதிவுகளில் தமிழே &#2980;&#2990; என்று எண்களாகக் கிடக்கிறது. எல்லாவற்றையும், இப்படிப்பட்ட குறியீட்டை மறுபடி எழுத்தாக்கும் ஒரே டிகோட் ஃபங்ஷனில் போட்டு எடுத்தால் சரியாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

ஆகாது. பாதி சரியாகும், மீதி இப்போது இருப்பதைவிட மோசமாகும். டிகோட் செய்யவேண்டிய நிலை வந்ததே, முன்னால் எங்கோ தேவையில்லாத இடத்தில் என்கோட் செய்திருப்பதால்தான், அதாவது எழுத்தைக் குறியீடாக மாற்றியிருப்பதால்தான். டேட்டாபேஸில் பயனர் எழுதியது எழுதியபடியே இருக்கவேண்டும். பக்கத்தில் அச்சிடும் கடைசிக் கட்டத்தில், அது போய் உட்காரும் இடத்துக்கு ஏற்றபடி, ஒரே ஒரு முறை என்கோட் செய்யவேண்டும். இந்த ஒன்றை விட்டுக்கொடுத்த இடத்தில்தான் நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளும் முளைக்கின்றன.

முதலில், எதை என்கோட் செய்கிறோம்? பிரவுசர் எச்டிஎம்எல்லைப் படிக்கும்போது < வந்தால் டேக் ஆரம்பிக்கிறதோ என்று பார்க்கும், & வந்தால் ஏதோ குறியீடு வருகிறதோ என்று பார்க்கும். டேக்குக்குள் பெயர்=மதிப்பு என்று வரும் ஆட்ரிபியூட்டுக்குள் இருக்கும்போது " அல்லது ' வந்தால் மதிப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். இந்த நான்கோடு > குறியையும் சேர்த்து ஐந்து. &#38; என்பது &, &#60; என்பது <, &#62; என்பது >, &#34; என்பது ", &#39; என்பது '. எண்டிட்டி எனப்படும் இந்தக் குறியீடுகளுக்குப் பெயர் வடிவமும் உண்டு, ஆம்ப், எல்டி, ஜிடி என்று. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும், நான் இங்கே எண் வடிவத்திலேயே எழுதுகிறேன். பெயர்ப் பட்டியல் காலப்போக்கில் ஊதிப்போய்விட்டது: எச்டிஎம்எல் 4-இல் 252 இருந்தது, இப்போதைய எச்டிஎம்எல்லில் 2231. எக்ஸ்எம்எல்லில் வெறும் ஐந்துதான். அதனால்தான் எச்டிஎம்எல்லில் ஒழுங்காக ஓடிய என்பிஎஸ்பி (உடையாத ஸ்பேஸ்) என்ற பெயரை, எக்ஸ்எம்எல்லில் எழுதப்படும் ஆர்எஸ்எஸ் ஃபீடில் போட்டால் மொத்த ஃபீடும் பிழை என்று நின்றுவிடுகிறது, அங்கே &#160; என்று எழுதினால் தகராறு இல்லை. ஒற்றை மேற்கோளுக்கான அபாஸ் என்ற பெயரும் எக்ஸ்எம்எல்லில் இருந்தது, எச்டிஎம்எல் 4-இல் கிடையாது. பல லைப்ரரிகள் இன்றும் &#39; என்று எண்ணாகவே எழுதுவது அந்தக் காலத்துப் பழக்கம்.

இங்கே தமிழில் வேலை செய்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. டேக்கின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் ஆரம்பிக்க முடியும். அதனால் என்கோட் செய்யாமலேயே <தமிழ்> என்று பக்கத்தில் விட்டால் பிரவுசர் அதை டேக்காக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாக அப்படியே காட்டிவிடும். சோதித்துப் பார்த்தவர் "சரியாகத்தானே வருகிறது" என்று போய்விடுவார். அதே இடத்தில் </தமிழ்> என்று எழுதிப் பாருங்கள், மொத்தமும் காணாமல் போய்விடும், ஏனென்றால் </ என்பதற்குப் பின்னால் ஆங்கில எழுத்து வராவிட்டால் > வரைக்கும் உள்ளதை பிரவுசர் ஒரு கமெண்டாக விழுங்கிவிடும். எனவே சோதனைக்குத் தமிழ் வாசகத்தை மட்டும் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நிஜமான ஒரு ஆங்கில டேக்கைப் போட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் &#39; விஷயத்துக்கு வருவோம். திரையில் &#39; என்று கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பக்கத்தின் சோர்ஸில் இருப்பது &#38;#39;. அதாவது ஒரு முறை என்கோட் ஆனதை இன்னொரு முறை என்கோட் செய்திருக்கிறீர்கள். முதல் சுற்றில் ' என்பது &#39; ஆனது. இரண்டாவது சுற்றில் அதன் தலையில் உள்ள & மறுபடி &#38; ஆகி, &#38;#39; ஆனது. மூன்றாவது சுற்றில் &#38;#38;#39;. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு #38; கூடும். சோர்ஸைத் திறந்து அதை எண்ணினாலே எத்தனை அடுக்கில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். திரையில் தெரிவதை வைத்துத் துப்புத் துலக்காதீர்கள், திரையில் தெரிவது ஏற்கெனவே ஒரு முறை டிகோட் ஆனது.

வழக்கமான காரணம் இது. படிவத்தை வாங்கும் கோடில் யாரோ "பாதுகாப்புக்காக" என்று எஸ்கேப் செய்துதான் (இந்தக் குறிகளை என்கோட் செய்வதற்கு இன்னொரு பெயர்) சேமிக்கிறார்கள். அப்புறம் ஜாங்கோ, ரியாக்ட் மாதிரி தானாகவே எஸ்கேப் செய்யும் ஃப்ரேம்வொர்க் ஒன்று பக்கத்தில் எழுதும்போது தன் பங்குக்கு இன்னொரு முறை செய்கிறது. திருத்தும் பக்கத்தில் கூத்து இன்னும் அதிகம். டேட்டாபேஸில் &#39; இருக்கிறது, அது பெட்டிக்குள் &#39; என்றே தெரிகிறது, பயனர் வேறு எதையோ திருத்திவிட்டுச் சேமிக்கிறார், பெட்டியில் தெரிந்த அந்த &#39; புதிதாக வந்த எழுத்தாகக் கருதப்பட்டு மறுபடி எஸ்கேப் ஆகி &#38;#39; என்று உள்ளே போகிறது. ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு வால் வளருவது இப்படித்தான்.

சொந்தமாக ரீப்ளேஸ் வரிகளை எழுதி எஸ்கேப் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வரிசை முக்கியம். என்கோட் செய்யும்போது & முதலில் போகவேண்டும். < குறியை முதலில் &#60; ஆக்கிவிட்டு அப்புறம் & குறிக்கு வந்தால், நீங்களே உண்டாக்கிய &#60; உங்கள் கையாலேயே &#38;#60; ஆகிவிடும். டிகோட் செய்யும்போது தலைகீழ், & கடைசியில். இல்லாவிட்டால், &#60; என்று எழுத்தாகவே காட்ட நினைத்து ஒருவர் எழுதியது, சேமிப்பில் &#38;#60; என்று இருப்பது, முதல் வரியில் &#60; ஆகி அடுத்த வரியில் < ஆகிவிடும். ஒரே சுற்றில் முடிக்கவேண்டியதை இரண்டு சுற்றாக்கிவிட்டீர்கள். இதெல்லாம் எதற்கு, மொழியோடு வருகிற ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். பைத்தானில் எச்டிஎம்எல் மாட்யூலில் எஸ்கேப், அன்எஸ்கேப் இரண்டும் இருக்கின்றன. பிஎச்பியில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்கேர்ஸ் இருக்கிறது. ஆனால் 8.1-க்கு முந்தைய பிஎச்பியில் அது இரட்டை மேற்கோளை மட்டும்தான் மாற்றும், ஒற்றை மேற்கோளைத் தொடவே தொடாது, அதற்குத் தனியாக ஃபிளாக் கொடுக்கவேண்டும். பழைய சர்வரில் ஆட்ரிபியூட்டை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதும் பழக்கம் இருந்தால் அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது, நான் அதிகம் கவலைப்படும் பகுதி. "எஸ்கேப் செய்துவிட்டேன், பத்திரம்" என்று பலரும் நினைப்பது சில இடங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். டேக்குகளுக்கு நடுவே வரும் சாதாரண வாசகத்துக்கும், மேற்கோளுக்குள் இருக்கும் சாதாரண ஆட்ரிபியூட்டுக்கும் அந்த ஐந்து குறி போதும். மேற்கோளே போடாமல் எழுதிய ஆட்ரிபியூட் என்றால் ஒரு ஸ்பேஸ் போதும், அதோடு மதிப்பு முடிந்து அடுத்து வருவது புது ஆட்ரிபியூட்டாகிவிடும். ஐந்து குறியையும் என்கோட் செய்து என்ன பயன்?

கிளிக் செய்தால் ஓடும் ஜாவாஸ்கிரிப்டை வைக்கும் ஆன்கிளிக் மாதிரி ஆட்ரிபியூட்டுக்குள் பயனர் கொடுத்ததைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷன் பெயரைத் தமிழிலும் வைக்கலாம், அதனால் உதாரணத்தைத் தமிழிலேயே சொல்கிறேன். உங்கள் டெம்ப்ளேட் எழுதுவது காட்டு('பெயர்'). யாரோ ஒருவர் தன் பெயர் என்று ');அழி();(' என்பதைக் கொடுக்கிறார். நீங்கள் சமர்த்தாக எஸ்கேப் செய்கிறீர்கள், சோர்ஸில் காட்டு('&#39;);அழி();(&#39;') என்று வருகிறது. பார்க்கப் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரவுசர் முதலில் ஆட்ரிபியூட்டை எச்டிஎம்எல்லாகப் படித்து &#39; எல்லாவற்றையும் ' ஆக்கிவிட்டு, அதற்கு அப்புறம்தான் ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது காட்டு('');அழி();(''). அழி ஓடிவிடும். எஸ்கேப் ஃபங்ஷன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, தவறான இடத்தில் செய்தது. இதற்கு நல்ல வழி, ஆன்கிளிக்கில் எதையும் ஒட்டாமல், மதிப்பை ஒரு டேட்டா ஆட்ரிபியூட்டில் எஸ்கேப் செய்து வைத்துவிட்டு ஸ்கிரிப்ட் அங்கிருந்து படித்துக்கொள்வது.

ஸ்கிரிப்ட் டேக்குக்குள் நேராகப் போடுவது இதற்கு நேர் எதிர். அங்கே பிரவுசர் எண்டிட்டி எதையும் டிகோட் செய்யாது. ஸ்டைல் டேக்குக்குள்ளும் அப்படியே. அதனால் அங்கே எச்டிஎம்எல் எஸ்கேப் செய்தால் &#39; அப்படியே ஸ்டிரிங்குக்குள் உட்கார்ந்துகொள்ளும். செய்யாமல் விட்டாலோ, மதிப்புக்குள் ஸ்கிரிப்டை மூடும் டேக் வந்தால், அது மேற்கோளுக்குள் இருந்தாலும் சரி, ஸ்கிரிப்ட் அங்கேயே முடிந்துவிடும். மதிப்பை ஜேசனாக (ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் தரவு வடிவம்) மாற்றி, அதில் வரும் < ஒவ்வொன்றையும் பின்சாய்கோட்டோடு தொடங்கும் யூனிகோட் எண் வடிவத்துக்கு மாற்றிப் போடவேண்டும். நல்ல ஃப்ரேம்வொர்க்குகளில் இதற்கென்றே தனி ஃபில்டர் இருக்கிறது. டைட்டில், டெக்ஸ்ட்ஏரியா இரண்டும் நடுவாந்திரம்: எண்டிட்டி டிகோட் ஆகும், டேக் ஆகாது.

லிங்க் என்றால் இரண்டு படி. முதலில் மதிப்பை யுஆர்எல்லுக்கு ஏற்ற சதவீதக் குறி வடிவத்துக்கு மாற்றவேண்டும், அப்புறம் மொத்த யுஆர்எல்லையும் ஆட்ரிபியூட்டுக்காக எச்டிஎம்எல் எஸ்கேப் செய்யவேண்டும். பாராமீட்டர்களுக்கு நடுவே வரும் & குறியும் &#38; ஆகவேண்டும். "நான் அப்படியே விட்டேன், ஓடுகிறதே" என்பார்கள். ஓடும், பெரும்பாலும். காப்பிரைட் குறிக்கான சி-ஓ-பி-ஒய் மாதிரி நூற்றுச் சொச்சம் பழைய பெயர்களை, முடிவில் அரைப்புள்ளி இல்லாவிட்டாலும் பிரவுசர் டிகோட் செய்துவிடும், பழைய பக்கங்கள் உடையக்கூடாது என்பதற்காக. ஆட்ரிபியூட்டுக்குள் அந்தப் பெயருக்கு அடுத்து = அல்லது ஆங்கில எழுத்தோ எண்ணோ வந்தால் மட்டும் தொடாமல் விட்டுவிடும். ஆகவே காப்பி என்ற பாராமீட்டர் உள்ள உங்கள் யுஆர்எல் லிங்க்காகச் சரியாக வேலை செய்யும், அதையே கீழே வாசகமாக அச்சிட்டால் ©=2 என்று இளிக்கும். இன்னொன்று, ஜாவாஸ்கிரிப்ட் என்று ஆரம்பித்து முக்காற்புள்ளி வரும் லிங்க்கில் அந்த ஐந்து குறிகளில் ஒன்றுகூட இருக்கவேண்டியதில்லை, எந்த எஸ்கேப்பும் அதைத் தடுக்காது. ஆரம்பம் எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ்தானா என்று பார்த்துவிட்டு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து எண்களாகக் கிடக்கும் தமிழ். &#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்றால் தமிழ். ஐந்து யூனிகோட் எண்கள்: த, ம, இகரக் குறி, ழ, மெய்ப்புள்ளி. இதை யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். பக்கத்தின் என்கோடிங் (எழுத்துகளை பைட்டாக வைக்கும் முறை, மேலே சொன்ன என்கோட் இல்லை) லத்தீன்-1 மாதிரி ஏதாவது ஒன்றாக இருந்து, அதில் இருக்கும் படிவத்தில் ஒருவர் தமிழில் எழுதினால், அந்த என்கோடிங்கில் தமிழுக்கு இடமில்லாததால் பிரவுசரே ஒவ்வொரு எழுத்தையும் இப்படி எண்ணாக மாற்றி சர்வருக்கு அனுப்பிவிடும். சர்வரும் அப்படியே சேமித்துவைக்கும். எஸ்கேப் செய்யாத பழைய பக்கத்தில் அது டிகோட் ஆகித் தமிழாகவே தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒருநாள் யாரோ ஒழுங்காக எஸ்கேப் செய்ய ஆரம்பிப்பார்கள், எண்கள் எல்லாம் வெளியே வந்துவிடும், பழி அவர் தலையில் விழும்.

அது தெரியாமல் கிடந்த காலத்திலும் கெடுதல் நடந்துகொண்டுதான் இருந்தது. தமிழ் என்ற சொல் யுடிஎஃப்-8-இல் 15 பைட், எண் வடிவத்தில் 35. தலைப்புக்கு 255 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தால் எண் வடிவத்தில் 36 எழுத்துக்கு மேல் போகாது, அதுவும் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணி. அதற்கு மேல் போனால் &#29 மாதிரி நடுவில் வெட்டுப்படும். தேடலில் தமிழ் என்று தட்டினால் ஒன்றும் வராது. தமிழைப் பக்கத்தில் எழுத எண்டிட்டி தேவையே இல்லை. பக்கம் யுடிஎஃப்-8 என்று ஹெடரிலோ மெட்டா டேக்கிலோ சொல்லுங்கள், அந்த மெட்டா டேக் கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்கட்டும், டேட்டாபேஸ் இணைப்பும் அதே என்கோடிங்கில் இருக்கட்டும், முடிந்தது. மைஎஸ்க்யூஎல் என்றால் யுடிஎஃப்8எம்பி4 வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால் பழைய யுடிஎஃப்8-இலும் ஓடும், ஆனால் இமோஜி நான்கு பைட். 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளும் அப்படித்தான். 1/320-க்கான குறி &#73664;, முந்திரிக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது.

எண் வடிவம் உபயோகப்படும் ஓர் இடம் உண்டு, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். க், ஷ இரண்டும் ஒட்டிக்கொண்டு க்ஷ ஆகாமல் இருக்க நடுவே &#8204; போடுவோம். அதை நேரடியாக எழுதினால் சோர்ஸில் இருப்பதே தெரியாது, அடுத்து வருபவர் சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிடுவார். உடையாத ஸ்பேஸான &#160; கூட அப்படியே. அது பார்க்க ஸ்பேஸ் மாதிரி இருக்கும், ஒப்பிட்டால் ஸ்பேஸ் இல்லை, பிஎச்பியின் டிரிம் அதை வெட்டாது.

பிஎச்பி என்றதும் நினைவுக்கு வருகிறது, இது ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்கள் கண்ணில் படாது. பதிவின் முதல் 200 பைட்டை சப்ஸ்டிஆர் போட்டு வெட்டி, எஸ்கேப் செய்து காட்டுகிறீர்கள். மூன்று பைட் எழுத்தின் நடுவில் வெட்டு விழுந்தால் அந்த ஸ்டிரிங் யுடிஎஃப்-8 ஆகவே இல்லை. பழைய பதிப்புகளில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்கேர்ஸ் அப்படிப்பட்ட ஸ்டிரிங்குக்கு வெற்று ஸ்டிரிங்கைத் திருப்பிக் கொடுக்கும், பிழைச் செய்தியும் வராது. சில பதிவுகளுக்கு முன்னோட்டம் வருகிறது, சிலவற்றுக்கு வெறுமையாக இருக்கிறது என்று குழம்பினால் இங்கே பாருங்கள். எம்பி என்று தொடங்கும் ஃபங்ஷனால் வெட்டுங்கள்.

எண்டிட்டியோடு குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொன்று: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிற்றெழுத்து ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இதே ஜோடி வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் அது யுடிஎஃப்-8 தமிழை வேறு என்கோடிங்காகப் படித்த கோளாறு. தமிழ் எழுத்துகளின் முதல் பைட் ஒன்றே, இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றுதான் என்பதால்தான் அந்த ஜோடி. எந்த எண்டிட்டி டிகோடரும் அதைச் சரிசெய்யாது.

டிகோட் செய்வது நியாயமான இடங்களும் இருக்கின்றன: மற்றவர் ஃபீடிலிருந்து எடுப்பது, எச்டிஎம்எல்லிலிருந்து வெறும் வாசகமாக மின்னஞ்சல் தயாரிப்பது, தேடல் இண்டெக்ஸ் கட்டுவது. பிரவுசரில் செய்வதாக இருந்தால், ஒரு டிவ் உண்டாக்கி இன்னர்எச்டிஎம்எல்லில் போட்டு வாசகத்தை எடு என்று எல்லா இடத்திலும் சொல்லியிருப்பார்கள், அதைச் செய்யாதீர்கள். அந்த டிவ்வைப் பக்கத்தில் சேர்க்காவிட்டாலும் உள்ளே இருக்கும் இமேஜ் டேக் படத்தை இழுக்கப் போகும், கிடைக்காவிட்டால் அதன் ஆன்எரர் ஆட்ரிபியூட்டில் உள்ள ஸ்கிரிப்ட் ஓடும். டாம்பார்சர் அப்படி எதையும் ஓட்டாது, அதில் பார்ஸ் செய்து டெக்ஸ்ட்கன்டென்ட் எடுங்கள். சர்வரில் செய்தாலும் ஒரு விஷயம்: டேக்குகளை நீக்கிவிட்டு அப்புறம் டிகோட் செய்தால், &#60; என்று ஒளிந்திருந்தவை எல்லாம் புத்தம்புது டேக்காக எழுந்து நிற்கும். டிகோட் செய்து கிடைத்ததை, முகம் தெரியாத பயனர் இப்போதுதான் தட்டியது போலவே நடத்துங்கள். பக்கத்துக்குப் போகும்போது மறுபடி எஸ்கேப்.

உங்கள் டேட்டாபேஸைத் திருத்தும் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் எல்லா டெம்ப்ளேட்டிலும் வெளியே எழுதும்போது எஸ்கேப் ஆகிறதா என்று உறுதி செய்யுங்கள், எஸ்கேப்பை அணைத்துவைத்த இடங்களைத் தேடிப்பிடியுங்கள். இது முடியாமல் தரவை டிகோட் செய்தால் இத்தனை நாள் உறங்கிக் கிடந்த ஸ்கிரிப்ட் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். அடுத்து, உள்ளே வாங்கும் இடத்தில் உள்ள எஸ்கேப்பை எடுங்கள். அப்புறம் பேக்கப் எடுத்துக்கொண்டு தரவுக்கு வாருங்கள். 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள்தான் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி, அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத 8204, 8205 இரண்டையும் சேர்த்து அவற்றை மட்டும் முதலில் டிகோட் செய்யுங்கள். இவற்றை யாரும் எழுத்தாகக் காட்ட நினைத்து எழுதியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பயமில்லாமல் செய்யலாம். அந்த ஐந்து குறிகளைத் தனியாக, ஒவ்வொரு பதிவிலும் எத்தனை அடுக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள். மாற்றம் நிற்கும்வரை டிகோட் செய்துகொண்டே இரு என்று லூப் மட்டும் போடாதீர்கள், எச்டிஎம்எல் எழுதுவது எப்படி என்று யாராவது பதிவு போட்டிருந்தால் அதில் உள்ள உதாரணங்கள் எல்லாம் அழிந்துபோகும். கடைசியில் &#29, &#2 என்று வாலறுந்து நிற்பவற்றைத் தேடி எடுங்கள். அந்த எழுத்து போனது போனதுதான், பழைய பேக்கப்பில் முழு வடிவம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு அதே பதிவின் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தலைப்பைக் கையால் திருத்தவேண்டியதுதான்.